சொல்லாமல் விட்டதை எழுதுதல்: மதுர் ஜாஃப்ரியின் நடிப்பும் சமையல் எழுத்தும்



ஒரே மனிதருக்கு இரண்டு அரசுகள் அளித்த இரண்டு சிறப்புகளிலிருந்து இன்றைய உரையைத் தொடங்குகிறேன். 2004-இல் பிரிட்டிஷ் அரசு மதுர் ஜாஃப்ரிக்கு சி.பி.இ. பட்டத்தைக் கௌரவமாக வழங்கியது. திரைப்படம், தொலைக்காட்சி, சமையல் ஆகியவற்றின் வழியே பிரிட்டன், இந்தியா, அமெரிக்கா என்ற மூன்று நாடுகளின் பண்பாட்டு உறவுக்கு அவர் செய்த பணியை அது காரணமாகக் காட்டியது. 2022-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் அளித்தது. அந்தப் பட்டியலில் அவர் பெயர் கலைப் பிரிவில் இடம்பெறவில்லை. 'பிற' என்ற பிரிவில், சமையற்கலை என்ற குறிப்போடு இருந்தது. 1965-இல் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி விருதைப் பெற்றவர் அவர் என்பது அந்தப் பட்டியலை மட்டும் படிப்பவருக்குத் தெரிய வழியில்லை. இதற்காக அரசைக் குறைகூற வேண்டியதில்லை. பட்டியல் என்றால் பிரிவுகள் வேண்டும். ஒருவரை ஓரிடத்தில்தான் வைக்க முடியும். ஆனால் பட்டியலுக்குள்ள இந்த நெருக்கடி வாழ்க்கை வரலாறு எழுதுபவர்களுக்கும் திறனாய்வாளர்களுக்கும் இல்லை. அவர்களும் இப்படியே பிரித்து எழுதிவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. திரைப்பட வரலாற்றில் மதுர் ஜாஃப்ரி சில பத்திகளில் வந்து போகிறார். உணவு வரலாற்றில் ஒரு முழு அத்தியாயம் பெறுகிறார். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்ற கேள்வியை எவரும் அழுத்திக் கேட்பதில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை எளிமையானது. நடிகையாக இருந்தார், வாய்ப்புகள் குறைந்தன, பிழைப்புக்காகச் சமையல் பற்றி எழுதினார், எழுத்து அவரை நடிப்பைவிட உயரத்தில் கொண்டுபோய் வைத்தது. இந்தக் கதையில் பொய் இல்லை, விளக்கமும் இல்லை. வாய்ப்புக் குறைந்த நடிகர்கள் எல்லா நாட்டிலும் ஏராளம். அவர்களில் சமைக்கத் தெரிந்தவர்களும் ஏராளம். ஆனால் ஒரு நாட்டின் வீட்டுச் சமையலை, அதை ஒருமுறைகூடச் சுவைத்திராத வேறொரு நாட்டு வாசகர் தன் அடுப்பில் செய்து பார்க்கும்படி எழுதியவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் ஒருவராக அவரை ஆக்கியது எது? நடிப்புப் பயிற்சிதான் என்பது என் வாதம். புகழைச் சொல்லவில்லை, அழகையோ மேடைக் கூச்சமின்மையையோ சொல்லவில்லை. எழுதப்பட்ட வசனத்துக்கு அடியில் எழுதப்படாமல் இருப்பதைக் கண்டுபிடித்து, ஒத்திகை பார்த்து, முன்பின் அறியாதவர் முன் அதை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் ஒழுங்கைச் சொல்கிறேன். சமையலறைக்கு அவர் ஏறக்குறைய அந்நியராக இருந்தார் என்பது இந்த வாதத்தின் மறுபாதி. அந்நியராக இருந்ததால் அவருக்குக் குறை தெரிந்தது. நடிகராக இருந்ததால் அதை நிரப்பத் தெரிந்தது.

சான்றுகளுக்கு வருவோம். அவர் பிறந்தது 1933-இல், தில்லியில், ஒரு காயஸ்தக் கூட்டுக் குடும்பத்தில். தாத்தா வழக்கறிஞர், யமுனைக் கரையை ஒட்டிய பெரிய வீடு, சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக உண்ணும் பந்தி. அத்தகைய வீட்டில் சமைப்பதற்கு ஆட்கள் இருந்தனர். பெண் குழந்தைகள் படிக்க அனுப்பப்பட்டனர். 'கிளைம்பிங் தி மேங்கோ ட்ரீஸ்' என்ற நினைவு நூலில் அவர் அந்த வீட்டின் சுவைகளை நுணுக்கமாக நினைவுகூர்கிறார். ஆனால் நினைவு முழுவதும் உண்டவரின் நினைவு. கிளறியவரின் நினைவு அன்று. பள்ளியில் மனையியல் பாடத்தில் பிளமாஞ்ச் போன்ற ஆங்கிலேய நோயாளி உணவுகளைக் கற்பித்தார்கள். தேர்விலோ உள்ளூர்ப் பொருள்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னார்கள். அவர் தேறவில்லை. உலகம் முழுவதும் சமையல் கற்றுக்கொடுத்தவர் சமையல் தேர்வில் தோற்றார் என்று இதைச் சுவையான துணுக்காகவே பலரும் சொல்கிறார்கள். எனக்கு அது ஒரு சான்று. இருபது வயது வரை அவரிடம் இருந்தது நாக்கின் அறிவு மட்டுமே. கையின் அறிவை இன்னொரு வழியாகப் பிறகுதான் பெற்றார். இதே காலத்தில் அவருடைய உண்மையான பயிற்சி வேறிடத்தில் நடந்துகொண்டிருந்தது. மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். அகில இந்திய வானொலியில் அறிவிப்பாளராகப் பணிபுரிந்தார். சயீத் ஜாஃப்ரி முதலானோர் தில்லியில் தொடங்கிய யூனிட்டி தியேட்டர் குழுவில் நடித்தார். முகம் தெரியாதவரிடம் குரலால் மட்டும் பேசும் பழக்கத்தை வானொலி தருகிறது. இந்தப் பழக்கம் பின்னால் எங்கே பயன்பட்டது என்பதைப் பார்க்கப் போகிறோம்.

1950களின் நடுவில் உதவித்தொகை பெற்று லண்டனில் ராயல் அகாடமி ஆஃப் டிரமாட்டிக் ஆர்ட் என்ற நாடகப் பள்ளியில் சேர்ந்தார். உணவுப் பங்கீடு அப்போதுதான், 1954-இல், பிரிட்டனில் முடிவுக்கு வந்திருந்தது. மாணவர் உணவுக்கூடத்தில் கிடைத்தது அவித்துக் கூழான முட்டைக்கோசும் நிறமற்ற இறைச்சியும். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கி அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அம்மா இந்தியில், மெல்லிய வான்கடிதத் தாள்களில் செய்முறைகளை எழுதி அனுப்பினார். அந்தச் செய்முறைகள் மூன்று நான்கு வரிகளில் முடிந்தன. எவ்வளவு எண்ணெய், எத்தனை நிமிடம், எந்தச் சூடு என்ற விவரங்கள் இல்லை. இப்படித்தான் எல்லா அம்மாக்களும் எழுதுவார்கள். தாளித்து, வதக்கி, வெந்ததும் இறக்கு என்று எழுதுகிறவருக்கு அந்தச் சில சொற்களுக்குள்ளேயே எல்லாமே இருக்கிறது. முப்பது ஆண்டுப் பழக்கம் கைக்குள் போய்விட்ட பிறகு, சொல்ல வேண்டியது எது, சொல்லாமலே விளங்குவது எது என்ற வேறுபாடு அவருக்குத் தெரிவதில்லை. அதை நாம் கைப்பக்குவம் என்று பாராட்டுகிறோம். கற்க வருபவருக்கு அது ஒரு மதில். மகளிடம் அந்தக் கை இல்லை. அவரிடம் இருந்தவை இரண்டு: அந்த உணவு கடைசியில் எப்படி ருசிக்க வேண்டும் என்ற துல்லியமான நினைவு ஒன்று, பகல் முழுவதும் நாடகப் பள்ளியில் செய்துகொண்டிருந்த வேலை மற்றொன்று.

அந்த வேலை என்ன? நாடகப் பிரதி நடிகரிடம் வசனத்தை மட்டும் தருகிறது. பாத்திரம் எங்கிருந்து வருகிறது, இந்த வரியை ஏன் இப்போது சொல்கிறது, சொல்லும்போது கை எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் மூச்சு விடுகிறது என்பதையெல்லாம் நடிகர் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததை ஒத்திகையில் சோதிக்க வேண்டும். பொய்யாக ஒலித்தால் மாற்ற வேண்டும். சரியாக வந்ததை நாளை மாலையும், மறுநாள் மாலையும் அதே அளவில் மீண்டும் செய்ய வேண்டும். இந்தக் கடைசிக் கட்டம்தான் தொழில்முறை நடிகரை ஆர்வலரிடமிருந்து பிரிக்கிறது. அம்மாவின் கடிதமும் அரங்கக் குறிப்புகள் அற்ற பிரதிதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, நினைவிலிருக்கும் சுவையை இலக்காக வைத்து, அது வரும்வரை செய்து பார்த்து, வந்த பிறகு எப்படி வந்தது என்று குறித்துக்கொண்டவர் மதுர் ஜாஃப்ரி. அவருடைய பிற்கால நூல்களில் செய்முறைக் குறிப்புகளைப் படித்தால் இந்த உழைப்பின் தடம் தெரியும். வெங்காயம் எந்த நிறத்துக்கு வர வேண்டும், அந்த நிறம் வர ஏறத்தாழ எவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் அடியில் பிடித்தால் என்ன செய்வது, சீரகம் எண்ணெயில் விழுந்ததும் எத்தனை விநாடியில் அடுத்த பொருள் விழ வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் வந்துவிடுகின்றன. அம்மா எழுதாமல் விட்ட அரங்கக் குறிப்புகளை மகள் எழுதினார் என்று சொன்னால் அது மிகையாகாது.

அடுத்த கேள்வி, இந்தத் திறமை ஏன் அரங்கத்திலேயே தங்கவில்லை என்பது. இதற்கு விடை தனிமனித வாழ்க்கையைவிடச் சட்டத்திலும் சந்தையிலும் அதிகம் கிடைக்கிறது. நாடகப் பள்ளியை முடித்து அவர் அமெரிக்கா சென்றபோது, 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் மட்டுமே குடியேற முடியும். 1965-இல் அந்த நாட்டு ஒதுக்கீட்டு முறை ஒழிக்கப்பட்டு, 1968-இல் புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகுதான் இந்தியர்கள் பெருமளவில் அங்கே சென்றார்கள். ஆகவே 1960களின் நியூயார்க்கில் இந்தியப் பெண் பாத்திரம் எழுதும் நாடகாசிரியர் இல்லை, அதைப் பார்க்க வரும் சமூகமும் இல்லை. இந்தச் சூழலில் அவரும் அன்றைய கணவர் சயீத் ஜாஃப்ரியும் தயாரிப்பாளர் இஸ்மாயில் மெர்ச்சன்ட், இயக்குநர் ஜேம்ஸ் ஐவரி ஆகிய இருவரும் ஒருவருக்கொருவர் அறிமுகமாகக் காரணமாக இருந்தார்கள். அந்த இருவர் கூட்டணி எடுத்த 'ஷேக்ஸ்பியர் வாலா' படத்தில் மஞ்சுளா என்ற பம்பாய்த் திரை நட்சத்திரமாக நடித்ததற்குத்தான் வெள்ளிக் கரடி கிடைத்தது. சுதந்திர இந்தியாவில் ஊர் ஊராகச் சென்று ஷேக்ஸ்பியர் நாடகம் போடும் ஆங்கிலேயக் குழு, சினிமாவிடம் தன் பார்வையாளர்களை இழப்பது அந்தப் படத்தின் கதை. பார்வையாளர் இல்லாமல் போனால் நடிகரின் திறமை மட்டும் அவரைக் காப்பாற்றாது என்று சொல்லும் அந்தப் படத்தில் வென்ற கட்சியின் பாத்திரத்தை ஏற்றவர், பரிசுக்குப் பிறகு தோற்ற கட்சியின் நிலையில் இருந்தார். மணவாழ்வு முறிந்திருந்தது, மூன்று மகள்கள், நடிப்பு வாய்ப்புகள் எப்போதாவது. 1966-இல் 'நியூயார்க் டைம்ஸ்' உணவுப் பகுதி ஆசிரியர் கிரெய்க் கிளைபோர்ன், நன்றாகச் சமைக்கத் தெரிந்த இந்திய நடிகை என்று அவரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மெர்ச்சன்ட் அந்தப் படத்துக்கு விளம்பரம் தேடியபோது விளைந்த கட்டுரை அது. படத்தை விற்க உணவு பயன்பட்டது. விளைவில் உணவே மிஞ்சியது. பத்திரிகைகள் உணவு, பயணம், கலை பற்றி அவரிடம் கட்டுரைகள் கேட்கத் தொடங்கின.

1973-இல் வெளிவந்த 'ஆன் இன்விடேஷன் டு இந்தியன் குக்கிங்' அவரது முதல் சமையல் நூல். அதைப் பதிப்பித்தவர் க்னாஃப் பதிப்பகத்தின் ஜூடித் ஜோன்ஸ். ஜூலியா சைல்டும் அவருடைய இரு கூட்டாசிரியர்களும் எழுதிய பிரெஞ்சுச் சமையல் நூலை 1961-இல் கொண்டுவந்தவர் அவரே. பிறகு மத்தியக் கிழக்குச் சமையலுக்குக் கிளாடியா ரோடனையும், அமெரிக்கத் தென்புலக் கிராமச் சமையலுக்கு எட்னா லூயிஸையும் வாசகரிடம் கொண்டுசேர்த்தார். அந்த ஆசிரியர்கள் எவரும் உணவகச் சமையற்காரர்களாகத் தொடங்கியவர்கள் அல்லர். எட்னா லூயிஸ் மட்டும் உணவகத்தில் சமைத்தவர். அவரிடமும் ஜோன்ஸ் கேட்டு வாங்கியது வர்ஜீனியா கிராமத்து இளமை நினைவுகளைத்தான். குரல் உள்ளவரைத் தேடிப் பிடிப்பது ஜோன்ஸின் முறை. செய்முறை யாரிடமிருந்தும் வரலாம். ஆனால் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வாசகரைக் கைப்பிடித்து நடத்தும் குரல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வானொலியிலும் மேடையிலும் பழகிய குரல் எழுத்தில் வந்தபோது அதன் மதிப்பு அறிந்த பதிப்பாசிரியர் அங்கே இருந்தார். நூல் அமெரிக்கப் பேரங்காடியில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, மின் அரைப்பானைப் பயன்படுத்தி, தில்லி வீட்டுச் சுவையை எட்டுவது எப்படி என்று சொல்கிறது. கோட்டோவியங்களையும் அவரே வரைந்தார். 2006-இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை அதைத் தன் சமையல் நூல் பெருமை மன்றத்தில் சேர்த்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் செய்து பார்க்கத்தக்க நூலாக அது நின்றது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

1982-இல் பி.பி.சி. ஒளிபரப்பிய இந்தியச் சமையல் தொடரில் இந்த இரண்டு வாழ்க்கைகளும் முதன்முறையாக ஒரே சட்டகத்துக்குள் வந்தன. பிரிட்டனில் இந்திய உணவகம் என்ற பெயரில் நடந்தவற்றில் பெரும்பாலானவை வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து சென்றவர்கள் நடத்தியவை. ஒரே வகைக் குழம்பைக் காரத்தின் அளவு மாற்றிப் பல பெயர்களில் விற்கும் சந்தை உருவாகியிருந்தது. அவர்கள் அந்த நாட்டு வாடிக்கையாளருக்கு ஏற்பக் கண்டுபிடித்த வணிக முறை அது; இழிவாகப் பார்க்க எதுவுமில்லை. ஆனால் வீட்டில் இந்தியர்கள் என்ன உண்கிறார்கள் என்பது அந்தச் சந்தையில் தெரிய வழியில்லாமல் இருந்தது. தொலைக்காட்சியில் ஒருவர் நின்று, மசாலாவை வறுத்து, பொடித்து, அந்த மணம் எப்படி மாறுகிறது என்று சொல்லிக்கொண்டே சமைத்தபோது, நூல் எட்டாத இடம்வரை அந்த முறை சென்றது. கொத்தமல்லியும் எலுமிச்சையும் சேர்ந்த கோழிக் கறியை அவர் செய்து காட்டிய பிறகு மான்செஸ்டரில் கொத்தமல்லித் தழை தீர்ந்துபோனது என்று ஒரு கதை உண்டு. அவரே பலமுறை சொன்ன கதை அது. புள்ளிவிவரமாக நான் அதை முன்வைக்கவில்லை. அந்தக் கதை நாற்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதே, பார்த்தவர்கள் பார்ப்பதோடு நிற்காமல் செய்தும் பார்த்தார்கள் என்று அக்காலத்தவர் நம்பியதைக் காட்டுகிறது. அதற்கு அடுத்த ஆண்டே 'ஹீட் அண்ட் டஸ்ட்' படத்தில் அவர் பேகமாக நடித்தார். பாத்திரங்கள் வந்தபோதெல்லாம் நடித்தார், வராதபோது எழுதினார். முன்னதை விட்டுப் பின்னதற்குப் போனார் என்று சொல்வதற்கு ஆண்டு வரிசையே இடம் கொடுக்கவில்லை.

இனி இந்த வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளைப் பார்க்கலாம். முதல் மறுப்பு, வறுமையை நான் அழகாக்கிவிட்டேன் என்பது. மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு கட்டுரைக்குக் கட்டுரை கூலி வாங்கிப் பிழைத்த பெண்ணின் நெருக்கடியைப் 'பயிற்சியின் தொடர்ச்சி' என்று சொல்வது பொருத்தமா? அவர் தன்னை முதன்மையாக நடிகராகவே கருதுபவர். சமையல் எழுத்தைத் தற்செயலாக வந்த தொழில் என்றே பேட்டிகளில் சொல்லி வந்திருக்கிறார். இந்த மறுப்பில் பாதியை ஏற்கிறேன். ஏன் எழுதத் தொடங்கினார் என்ற கேள்விக்கு நெருக்கடியே விடை. இந்தியப் பெண்ணுக்கு இடம் தராத மேடையும் திரையும் அவரை வெளியே தள்ளின; அந்த அநீதியை எந்த வெற்றியும் சரிசெய்துவிடாது. ஆனால் எப்படி எழுதினார் என்பது வேறு கேள்வி. நெருக்கடி ஒருவரைப் பேனா எடுக்க வைக்கும். செய்முறையின் ஒவ்வொரு வரியையும் பலமுறை சோதித்துப் பார்க்கும் பொறுமையைத் தராது. அந்தப் பொறுமை ஏற்கெனவே எங்கோ பழகியதாக இருக்க வேண்டும். அது எங்கே பழகியது என்பதைத்தான் நான் காட்ட முயல்கிறேன்.

இரண்டாவது மறுப்பு நம் மண்ணிலிருந்தே வருகிறது. என் பார்வையில் அதுதான் வலுவானது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் தமிழில் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டார். ஊர் விட்டுப் போன உறவினர்கள் சமையல் குறிப்பு கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்ததைக் கண்டு, இதை நூலாக்கு என்று உறவினர் ஒருவர் சொன்னதால் பிறந்த நூல் அது. அவர் மேடை ஏறியவர் அல்லர். இளம் வயதிலேயே கைம்பெண்ணாகி, சமையலறையையே உலகமாகக் கொண்டவர். ஆனாலும் அளவும் முறையும் தவறாத நூலை எழுதினார். அப்படியானால் நடிப்புப் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். விடை, இரண்டு நூல்களும் கடக்க வேண்டியிருந்த தூரத்தில் இருக்கிறது. மீனாட்சி அம்மாளின் வாசகி அந்த ரசத்தைப் பிறந்ததிலிருந்து குடித்தவர். பக்குவம் தவறினால் நாக்கே அவருக்குச் சொல்லிவிடும். அவருக்குத் தேவைப்பட்டது அளவும் வரிசையும்; அவற்றைக் கொடுத்தால் மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். ஓஹாயோவிலோ லீட்ஸிலோ இருந்த மதுர் ஜாஃப்ரியின் வாசகருக்கு அந்த நாக்கு இல்லை. அவருக்குச் சுவையையே முதலில் சொல்லால் உண்டாக்க வேண்டும், பின்புதான் செய்முறை. ஒருவர் உள்ளிருந்து உள்ளே இருப்பவர்களுக்கு எழுதினார்; மற்றவர் வெளியே நிற்பவர்களுக்காக எழுதினார். முதல் வகை எழுத்துக்கு அனுபவம் போதும், அது மகத்தான அனுபவமாக இருந்தால். இரண்டாவது வகைக்கு, தனக்குத் தெரிந்தது எதிரில் இருப்பவருக்குத் தெரியாது என்பதை ஒவ்வொரு வரியிலும் நினைவில் வைக்கும் பயிற்சி வேண்டும். இவற்றுள் எது உயர்ந்தது என்று கேட்பது பயனற்றது. ஆனால் இரண்டும் வெவ்வேறு திறமைகள் என்பதை இந்த ஒப்பீடு தெளிவாக்குகிறது.

மூன்றாவது மறுப்பு அரசியல் சார்ந்தது. யமுனைக் கரையில் வசதியாக வாழ்ந்த ஒரு சாதியின் உணவு, ஆங்கிலம் பேசும் உலகுக்கு 'இந்திய உணவு' ஆகிவிட்டது. நேர்த்தியான சேலையில் அழகிய உச்சரிப்போடு மேற்கத்தியர் முன் இந்தியாவை நடித்துக் காட்டியதே அவர் செய்தது. நடிப்பு இங்கே பலம் அன்று, பழி. மேலும், 1973-இல் கறி என்ற ஒற்றைப் பெயரில் இந்திய உணவு முழுவதையும் அடக்குவதைக் கண்டித்தவர், 2003-இல் தன் நூலுக்கே 'தி அல்டிமேட் கறி பைபிள்' என்று பெயரிட்டார் என்பதும் குற்றச்சாட்டில் சேரும். வணிகத்துக்கு அவர் விட்டுக்கொடுத்த இடம் அது, மறைக்க வேண்டியதில்லை. வர்க்கப் பார்வை பற்றிய குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. உழைக்கும் மக்களின் அடுப்பு அவரது முதல் நூலில் இல்லை. ஆயினும் தன் எல்லையை அவர் மறைக்கவில்லை. தில்லி உணவு என்று சொல்லித்தான் தொடங்கினார். 1985-இல் 'எ டேஸ்ட் ஆஃப் இந்தியா', 1995-இல் 'ஃபிளேவர்ஸ் ஆஃப் இந்தியா' என்று மாநிலம் மாநிலமாகப் பயணம் செய்து, தமிழ்நாடு, கேரளம், கோவா, வங்காளம் எனப் பல பகுதிகளின் வீட்டுச் சமையலறைகளுக்குள் போய்க் கேட்டு எழுதினார். தனக்குத் தெரியாத உணவின் முன் மாணவராக நிற்க அவர் கூசவில்லை. இன்னொருவரின் நடை, பேச்சு, கை அசைவு ஆகியவற்றைக் கவனித்துத் தன் உடலில் ஏற்றிக்கொள்வது நடிகரின் அன்றாட வேலை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நடித்துக் காட்டுதல் என்ற சொல்லைப் பொய் என்ற பொருளில் மட்டும் எடுத்துக்கொண்டால்தான் இந்த மறுப்பு முழுவதும் நிற்கும்.

நான்காவது மறுப்பு நம் காலத்துக்குரியது. நடிகர்கள் வாழ்க்கை முறை எழுத்தாளர்களாகவும் பத்திரிகை ஆசிரியர்களாகவும் மாறுவது இன்று சாதாரணம். அவர்களுக்கு முன்னோடி என்பதைத் தவிர மதுர் ஜாஃப்ரியிடம் தனித்து என்ன இருக்கிறது? இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணத்தை வைத்தே விடை சொல்லலாம். ஆஸ்கார் பெற்ற நடிகை குவினெத் பேல்ட்ரோ 2008-இல் கூப் என்ற பெயரில் மின்னஞ்சல் மடலாகத் தொடங்கிய வெளியீடு, உணவு, உடை, உடல்நலம் பற்றிய பெரிய வணிக நிறுவனமாக வளர்ந்தது. அது விற்ற சில பொருள்களுக்கு உண்டு என்று கூறிய மருத்துவப் பயன்களுக்கு ஆதாரமில்லை என்று கலிபோர்னியாவில் தொடுத்த வழக்கை 2018-இல் அந்நிறுவனம் 1,45,000 டாலர் செலுத்தித் தீர்த்துக்கொண்டது. இங்கே எழுத்துக்கு மூலதனம் நடிகையின் முகமும் பெயரும். அவர் இப்படி வாழ்கிறார், நீங்களும் வாழலாம் என்பதே அதன் அடிப்படைச் செய்தி; வாசகர் செய்து பார்த்துச் சரிபார்க்கும் வழி அதில் மிகக் குறைவு. மதுர் ஜாஃப்ரி எழுதத் தொடங்கியபோது விற்பதற்கு அவரிடம் புகழே இல்லை. பெர்லினில் வாங்கிய பரிசை அமெரிக்க இல்லத்தரசி அறியார். செய்முறையோ ஒரே மாலையில் பொய்த்துவிடக்கூடிய எழுத்து. உப்பு மிகுந்தால் வாசகர் அன்றே கண்டுபிடித்துவிடுவார், நூலை மூடிவிடுவார். ஆகவே 'நடிகர் எழுத்தாளராதல்' என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு எதிரெதிர் நிகழ்வுகள் இருக்கின்றன. ஒன்று புகழைக் கொண்டுபோய் வேறு துறையில் முதலீடு செய்வது. மற்றொன்று தொழிற்பயிற்சியைக் கொண்டுபோய் வேறு பொருளின் மீது செலுத்துவது. முதலாவதைப் பார்த்துச் சலித்துப்போய் இரண்டாவதையும் சேர்த்து ஒதுக்கிவிடக் கூடாது.

அவருடைய பிற்காலப் பணிகள் இந்த வேறுபாட்டை உறுதிப்படுத்துகின்றன. இந்தியப் புராணக் கதைகளையும் பண்டிகைக் கதைகளையும் குழந்தைகளுக்காக 'சீசன்ஸ் ஆஃப் ஸ்ப்ளெண்டர்' என்ற நூலில் எழுதினார். 1999-இல் வந்த 'காட்டன் மேரி' படத்தில் முதன்மைப் பாத்திரத்தை ஏற்றதோடு இயக்கத்திலும் பங்கேற்றார். 2019-இல், எண்பத்தைந்து வயதில், 'நானி' என்ற ராப் பாடல் காணொளியில் அடாவடிப் பாட்டியாக நடித்தார். அந்தப் பாடலைப் பாடிய இளைஞர் ஸோரான் மம்தானி பின்னர் நியூயார்க் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே 2019-இல் மின் அழுத்தப் பாத்திரத்தில் சமைப்பதற்கான நூல் ஒன்றும் அவரிடமிருந்து வந்தது. புதிய பாத்திரம் சந்தைக்கு வந்ததும், பழைய செய்முறை அதில் எப்படி மாறும் என்று முதலிலிருந்து சோதித்து எழுதினார். புதிய அரங்குக்கு ஏற்பப் பழைய நாடகத்தை மறுபடி ஒத்திகை பார்ப்பது எந்த நடிகருக்கும் பழகிய வேலை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? பல தொழில் பார்த்தவரின் வாழ்க்கையை எழுதும்போது, எதை விட்டார், எதைப் பிடித்தார் என்ற வரிசையோடு நின்றுவிடாமல், முதல் தொழிலில் கற்ற எந்த வேலைமுறை இரண்டாவது தொழிலின் எந்தப் பக்கத்தில் தெரிகிறது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் தொடர்ச்சி இல்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம். பதிப்பகங்களுக்கும் இதழாசிரியர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. கைவினை, மருத்துவம், வேளாண்மை, சமையல் எனக் கையோடு தங்கிவிட்ட அறிவு நம்மிடம் நிறைய உண்டு. அதை உடையவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. எழுதினாலும் மிக முக்கியமானதை, தமக்குப் பழகிப்போனது என்பதாலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, விட்டுப்போனது எது என்று கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் அந்தத் துறையில் பிறந்து வளர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. நடிகராகவோ, செய்தியாளராகவோ, மொழிபெயர்ப்பாளராகவோ இருக்கலாம். துறையறிவு இல்லையே என்று அவரைத் திருப்பி அனுப்பும் முன்பு, அவர் வேறெங்கோ கற்ற ஒழுங்கு இங்கே பயன்படுமா என்று ஒரு பதிப்பாசிரியர் யோசிக்க வேண்டும். ஜூடித் ஜோன்ஸ் அப்படி யோசித்ததால்தான் அம்மாவின் மூன்று வரிக் கடிதங்கள் உலகம் சமைத்துப் பார்க்கும் நூலாயின.